பெயர், படகு, நின்ற இடம்

2019 ஜூன் 5. ஒகினாவாவுக்குத் தெற்கே ஏறக்குறைய 50 கடல் மைல் தள்ளி, 1,400 அடி ஆழத்தில் அமெரிக்க நீர்மூழ்கி கிரேபேக் கண்ணில் பட்டது. அதில் போனவர்கள் 80 பேர். 1944 பிப்ரவரி 27 முதல் அங்கேயே கிடந்தார்கள். கண்டுபிடிக்க 75 வருடம் ஆனதற்கு ஒரே ஓர் இலக்கம்தான் காரணம். போர் முடிந்தபின் ஜப்பானியக் கடற்படைப் பதிவுகளை மொழிபெயர்த்தபோது தீர்க்கரேகையில் ஓர் இலக்கம் பிசகிவிட்டது. அது படகை நூறு மைலுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தது. ஜப்பானின் சசெபோ கடற்படைத் தளத்துக்கு வந்த வானொலித் தகவலின் மூலப் பதிவை யுதாகா இவாசாகி என்ற ஜப்பானிய ஆய்வாளர் எடுத்து மறுபடி படித்தார். எங்கே தேட வேண்டும் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. ஒகினாவாவின் நாஹாவிலிருந்து கிளம்பிய விமானம் 500 பவுண்டு குண்டு போட்டது, படகின் மேலே எழும்பி நிற்கும் கன்னிங் டவருக்குச் சற்றுப் பின்னால் அடித்தது என்கிறது அந்தப் பதிவு. கடலடியில் எடுத்த படங்களிலும் சேதம் அங்கேதான். டவரில் கிரேபேக் என்ற பெயர்ப்பலகை அப்படியே இருந்தது.

இறந்துபோன நீர்மூழ்கிக்காரர்களை நினைவுகூர்வது பற்றி எழுத உட்காரும்போது இந்த ஓர் இலக்கம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. போரில் மூழ்கியவர்களுக்கும் இது பொருந்தும், எண்பது தொண்ணூறு வயதுவரை வாழ்ந்து வீட்டுக் கட்டிலில் கண்மூடியவர்களுக்கும் பொருந்தும். அஞ்சலி என்று எழுதப்படுவதில் பெரும்பாலானவை 'நாட்டுக்காக உழைத்தார், அமைதியானவர், பேரப்பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தார்' என்று முடிந்துவிடுகின்றன. அவ்வளவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த மனிதர் எந்தப் படகில் எந்த வால்வுக்குப் பக்கத்தில் நின்றார் என்பது அவரோடு போய்விடுகிறது. நம் ஊர் நடுகல்லை வெட்டியவன்கூட எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர் மாடு பிடித்தபோது பட்டான் என்று வரிசையாக எழுதிவைத்தான். அந்தக் கறார் இங்கேயும் வேண்டும்.

முதலில் சொற்கள். நீர்மூழ்கிக்காரர்கள் நீர்மூழ்கியைக் கப்பல் என்று சொல்ல மாட்டார்கள். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 'படகு'தான். திரும்பி வராத படகு 'இன்னும் ரோந்தில் இருக்கிறது'. இறந்துபோன ஆள், எந்த வயதில் எங்கே இறந்தாலும், 'முடிவற்ற ரோந்துக்குப் போய்விட்டார்'. இரண்டும் ஒன்றில்லை. கரையில் முதுமையில் இறந்த ஒருவரைப் பற்றி 'இன்னும் ரோந்தில்' என்று எழுதினால், படகோடு மூழ்கியவர் என்று படிப்பவர் புரிந்துகொள்வார். அமெரிக்க நீர்மூழ்கி முன்னாள் வீரர் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்குப் பெயர் 'தளம்'. நீர்மூழ்கித் தகுதி பெற்று 50 ஆண்டு ஆன உறுப்பினர்கள் 'ஹாலண்ட் கிளப்'பில் சேர்வார்கள். 1900-இல் அமெரிக்கக் கடற்படை வாங்கிய முதல் நீர்மூழ்கியின் பெயர் ஹாலண்ட்.

அந்தச் சங்கக் கூட்டங்களில் மணி அடிக்கும் சடங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இழந்த நீர்மூழ்கிகள் 52. அவற்றோடு போனவர்கள் 374 அதிகாரிகள், 3,131 மாலுமிகள். மொத்தம் 3,505 பேர். ரோந்து போனவர்கள் ஏறக்குறைய 16,000 என்பதால், ஐந்தில் ஒருவருக்கு மேல் திரும்பவில்லை. படகின் பெயர், ஹல் எண் (கடற்படை ஒவ்வொரு படகுக்கும் தரும் அடையாள எண்), தொலைந்த தேதி, இறந்தோர் எண்ணிக்கை ஆகியவற்றை ஒருவர் வாசிப்பார். மணி ஒருமுறை அடிக்கும். ஓசை அடங்கிய பிறகு அடுத்த பெயர். படகுக்குப் பத்து வினாடி என்று வைத்தாலும் ஒன்பது நிமிடம் ஆகும். அவசரப்பட்டு ஓசை அடங்குமுன் அடுத்த பெயரைத் தொடங்கிவிடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் பிழை. அப்போது மணிச் சத்தம் எந்தப் படகுக்கு என்றே தெரியாது. மாதாந்திரக் கூட்டம் என்றால் அந்தந்த மாதம் தொலைந்த படகுகளை மட்டும் வாசிப்பதும் உண்டு.

இந்த 52-க்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. எஸ்-36, எஸ்-27, எஸ்-39, டார்ட்டர் ஆகிய நான்கும் தரைதட்டி இழந்தவை. அவற்றில் ஒருவரும் சாகவில்லை. டார்ட்டர் 1944 அக்டோபர் 24 அதிகாலையில் பவளப்பாறையில் ஏறி நின்றுவிட, அதன் ஆட்கள் முழுவதையும் கூடவே வந்த டேஸ் என்ற படகு ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியா சேர்த்தது. ஆள் சாகாவிட்டாலும் மணி அடிக்கிறது. அதில் பணிபுரிந்தவருக்கு அந்தப் படகுதான் வீடு. வீடு போனதற்கும் ஒரு மணி உண்டு.

பெயரை மட்டும் வாசித்துவிட்டு ஹல் எண்ணை விடக்கூடாது. அமெரிக்கக் கடற்படை தொலைந்த படகின் பெயரைப் புதிய படகுக்குச் சூட்டும் வழக்கம் உள்ளது. டேங் எஸ்எஸ்-306 போரில் போனது. டேங் எஸ்எஸ்-563 பிறகு கட்டியது. கிரேபேக் எஸ்எஸ்-208 ஒகினாவா அருகே கிடக்கிறது. கிரேபேக் எஸ்எஸ்ஜி-574 பனிப்போர் காலத்து ஏவுகணைப் படகு. ஸ்கார்பியன் இன்னும் கொடுமை: எஸ்எஸ்-278 என்ற ஸ்கார்பியன் 1944-இல் தொலைந்தது, எஸ்எஸ்என்-589 என்ற ஸ்கார்பியன் 1968 மே மாதம் அசோர்ஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே 99 பேரோடு மூழ்கியது. 'தாத்தா ஸ்கார்பியனில் இருந்தார்' என்ற ஒற்றை வரியிலிருந்து எந்தத் தாத்தா, எந்தக் காலம், எந்தக் கடல் என்று எதுவுமே தெரியாது. அந்த மூன்று இலக்கம் இருந்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

அணுசக்தி ஏவுகணைப் படகுகளில் இன்னொரு சிக்கல். ஒரே படகுக்கு இரண்டு குழு: நீலம், தங்கம். ஒரு குழு கடலில் இருக்கும்போது மற்றது கரையில் பயிற்சியில் இருக்கும். ஜார்ஜ் வாஷிங்டன் என்ற படகு 1960 நவம்பரில் தன் முதல் ரோந்துக்குக் கிளம்பியதிலிருந்து இதே ஏற்பாடுதான். ஒரே படகில் ஒரே ஆண்டில் பணிபுரிந்த இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இருந்திருக்கலாம். 'கூடப் பணிபுரிந்த நண்பர்' என்று எழுதுமுன் எந்தக் குழு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெயருக்குப் பக்கத்தில் வரும் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வாழ்க்கை அதிலேயே இருக்கும். இஎம்2(எஸ்எஸ்) என்றால் இரண்டாம் நிலை எலக்ட்ரீஷியன், நீர்மூழ்கித் தகுதி பெற்றவர். டிஎம் என்றால் டார்பிடோக்காரர். போர்க்கால எம்ஓஎம்எம் என்பது டீசல் எஞ்சின் மெக்கானிக். எஃப்டி என்பதை விரித்தால் 'ஃபயர் கன்ட்ரோல்' வரும். அதைத் தீயணைப்பு என்று நினைத்து 'தீயணைப்புப் பிரிவில் பணியாற்றினார்' என்று குடும்பத்தினரே எழுதிவிடுகிறார்கள். அவர் செய்தது டார்பிடோவை எந்தக் கோணத்தில், எப்போது ஏவ வேண்டும் என்று கணக்குப்போடும் வேலை. அடைப்புக்குள் இருக்கும் எஸ்எஸ் என்ற இரண்டு எழுத்தைத் தேவையில்லாதது என்று வெட்டிவிடுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. அந்த இரண்டு எழுத்துக்காக அவர் மாதக்கணக்கில் தூக்கத்தைத் தொலைத்திருப்பார்.

நீர்மூழ்கித் தகுதிக்கு அடையாளமான டால்ஃபின் பேட்ஜ் கிடைப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பார்த்தால் இது புரியும். சமையல்காரர் ஆனாலும் சோனார் ஆள் ஆனாலும் படகின் எல்லா அமைப்பையும் கற்றாக வேண்டும். உயர் அழுத்தக் காற்று, ஹைட்ராலிக், டிரிம், வடிகால், காற்றோட்டம், எரிபொருள், பேட்டரி என்று ஒவ்வொன்றின் குழாயையும் கையால் தொட்டுத் தொடர்ந்து போய், நோட்டில் வரைந்து, அந்தந்தப் பிரிவில் தேர்ந்தவரிடம் கேள்விக்குப் பதில் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசியில் ஒரு அதிகாரி படகு முழுக்க நடத்திக் கூட்டிப்போவார். எந்த அறையில் நிறுத்தி, 'இருட்டில் இந்த வால்வு எங்கே?' என்று கேட்டாலும் கை அங்கே போக வேண்டும். பொதுவாக இதற்கு ஒரு வருடம் பிடிக்கும். காரணம் எளிது: ஓர் அறையில் தண்ணீர் புகும்போது அங்கே யார் இருக்கிறாரோ அவர்தான் அடைக்க வேண்டும், அவர் தொழில் சமையலா டார்பிடோவா என்று பார்க்க நேரம் இருக்காது. அதிகாரிக்குத் தங்க நிறம், மாலுமிக்கு வெள்ளி நிறம். அந்தப் பழைய நோட்டு வீட்டில் எங்காவது கிடந்தால் பதக்கங்களைவிட அதைப் பத்திரப்படுத்துங்கள். இருபது வயதுப் பையன் பென்சிலால் வரைந்த குழாய்ப்படம் அது. எங்கே அழித்து எழுதியிருக்கிறான் என்பதில்கூட அவன் தெரிவான்.

போர்க்கால கேட்டோ வகைப் படகு 312 அடி நீளம். முன்னிருந்து பின்னாக முன் டார்பிடோ அறை, முன் பேட்டரிக்கு மேலே அதிகாரிகள் தங்குமிடம், கன்ட்ரோல் ரூம், பின் பேட்டரிக்கு மேலே சமையலறையும் மாலுமிகள் படுக்கையும், இரண்டு எஞ்சின் அறைகள், மின்சாரக் கட்டுப்பாட்டு அறை, பின் டார்பிடோ அறை. அடியில் 252 பேட்டரி செல். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,650 பவுண்டு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் அது 4 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு பொறி போதும். 1949 ஆகஸ்டில் நார்வேக்கு வடக்கே கொச்சினோ என்ற படகு பேட்டரி வெடிப்பில்தான் போனது. உதவிக்கு வந்த டஸ்க் படகின் ஆறு பேரும் கொச்சினோவில் இருந்த ஒருவரும் அந்தக் கொந்தளிப்பில் இறந்தார்கள். ஆகவே 'பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவார்' என்று ஒரு எலக்ட்ரீஷியனைப் பற்றிக் கேள்விப்பட்டால் அதைச் சாதாரண வேலை என்று தள்ளிவிடாதீர்கள். குறுகலான இடைவெளியில் படுத்து ஊர்ந்து, செல் செல்லாக அடர்த்தி அளந்து எழுதியவர் தப்பாக அளந்திருந்தால் எண்பது பேர் திரும்பியிருக்க மாட்டார்கள்.

டார்பிடோக்காரர்கள் விஷயத்தில் நியாயம் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. போரின் முதல் 20 மாதம் மார்க் 14 டார்பிடோ கோளாறாக இருந்தது. வைத்த ஆழத்தைவிடச் சுமார் பத்தடி கீழே ஓடியது. காந்த வெடிப்பான் முன்கூட்டியே வெடித்தது, அல்லது வெடிக்கவே இல்லை. நேராகப் போய் இடித்தால் வெடிப்பானின் ஊசி நசுங்கியது. 1943 ஜூலையில் டினோசா என்ற படகு ஒரே எண்ணெய்க் கப்பல்மேல் 15 ஏவியது. பெரும்பாலானவை அடித்தும் வெடிக்கவில்லை. கேப்டன் கடைசி ஒன்றைச் சோதிப்பதற்காக ஏவாமல் கரைக்குக் கொண்டுவந்தார். போர் ரோந்துப் பின் எனப்படும் வெள்ளி பேட்ஜ், ரோந்து வெற்றி என்று மேலிடம் அறிவித்தால்தான் கிடைக்கும். ஆகவே 1942-இல் இரண்டு மாதம் எதிரிக் கடலில் கிடந்து, 3,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள டார்பிடோவை ஆடும் அறையில் கப்பியும் கயிறும் வைத்து இழுத்துக் குழாயில் ஏற்றியவரின் பெட்டியில் அந்தப் பின் இல்லாமல் இருக்கலாம். அவர் போகவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. அந்த பேட்ஜ் இருந்தால் எண்ணும்போது இன்னொரு கவனம்: பேட்ஜே முதல் ரோந்துக்கு உரியது, அதன்மேல் உள்ள ஒவ்வொரு தங்க நட்சத்திரமும் அடுத்தடுத்த ரோந்துக்கு, ஒரு வெள்ளி நட்சத்திரம் ஐந்துக்கு. நட்சத்திரத்தை மட்டும் எண்ணினால் ஒரு ரோந்து குறையும்.

இனி ஆவணம். எல்லாரும் முதலில் டிடி-214 என்ற விடுவிப்புச் சான்றிதழை எடுப்பார்கள். அதில் கடைசியாகப் பணிபுரிந்த இடம்தான் இருக்கும். இருபது வருடத்தில் ஆறு படகு மாறியவரின் தாளில் கடைசிக் கரைப்பணி அலுவலகம் மட்டும் நிற்கும். அதைப் பார்த்து 'இவர் கடலுக்கே போகவில்லையோ' என்று பிள்ளைகள் குழம்புவதுண்டு. 1950-க்கு முன் விடுவிக்கப்பட்டவர் என்றால் நேவ்பெர்ஸ்-553 என்ற தாளைத் தேடுங்கள். அதில் பணிபுரிந்த கப்பல்களுக்கும் தளங்களுக்கும் தனிக் கட்டம் உண்டு. முழுக் கோப்பு செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் இருக்கிறது. பணியை விட்டு 62 ஆண்டு கடந்திருந்தால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதற்குள் என்றால் நெருங்கிய உறவினர் எஸ்எஃப்-180 படிவம் அனுப்ப வேண்டும். '1973-இல் தீப்பிடித்து எல்லாம் எரிந்துவிட்டதாமே' என்று பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். 1973 ஜூலை 12 தீயில் எரிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள். கடற்படைக் கோப்புகள் தப்பின.

போர்க்காலப் படகுகளுக்கு மஸ்டர் ரோல் என்ற ஆள்பட்டியல் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். அதில் மாலுமிகள் பெயர்தான் வரும். அதிகாரி என்றால் டெக் லாக் என்ற படகின் நாட்பதிவில் மாதாமாதம் வரும் அதிகாரிகள் பட்டியலைப் பார்க்க வேண்டும். அப்பா லெப்டினன்டாக இருந்தார், மஸ்டர் ரோலில் பெயரே இல்லை என்று மனம் உடைந்தவர்களுக்கு இதைச் சொன்னால் ஆறுதல். பனிப்போர் ரோந்துகள் வேறு மாதிரி. எங்கே போனோம் என்று மனைவியிடமும் சொல்லக்கூடாது என்ற உறுதிமொழியோடு வாழ்ந்து அப்படியே இறந்தவர்கள் அவர்கள். அங்கே பெட்டிக்குள் கிடக்கும் சின்னச் சின்னத் தாள்கள்தான் பேசும். நிலநடுக்கோட்டைக் கடந்ததற்கு 'ஷெல்பேக்' அட்டையும், ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்ததற்கு 'புளூநோஸ்' அட்டையும் கொடுப்பார்கள். விளையாட்டான படமும் நெப்டியூன் கையெழுத்துமாக இருப்பதால் பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அதில் படகின் பெயரும் தேதியும் இருக்கும்.

தேதி என்று வரும்போது ஸ்கல்பின் படகைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1939 மே 23 அன்று நியூ ஹாம்ப்ஷயர் கரைக்கு அப்பால் ஸ்குவாலஸ் என்ற படகு சோதனை முழுக்கின்போது மூழ்கியது. எல்லா வால்வும் மூடியதாகப் பலகையில் பச்சை விளக்கு எரிந்தது. எஞ்சின்களுக்குக் காற்று இழுக்கும் பெரிய வால்வு மட்டும் திறந்திருந்தது. பின்பகுதியில் 26 பேர் இறந்தார்கள். 243 அடி ஆழத்திலிருந்து 33 பேரை மெக்கான் மீட்புக் கூண்டு நான்கு நடையில் மேலே கொண்டுவந்தது. மூழ்கிய இடத்தை முதலில் கண்டுபிடித்தது அதன் தங்கைப் படகு ஸ்கல்பின். ஸ்குவாலஸைத் தூக்கி, பழுதுபார்த்து, செயில்ஃபிஷ் என்று பெயர் மாற்றி மறுபடி கடலில் விட்டார்கள்.

1943 நவம்பர் 19. பசிபிக்கில் ட்ரக் தீவுக்கு அருகே ஸ்கல்பினை ஜப்பானிய டிஸ்ட்ராயர் விரட்டியது. ஆழமானி 125 அடியில் சிக்கிக்கொண்டது. படகு மேலே ஏறிக்கொண்டிருந்தும் முள் அசையவில்லை. அதை நம்பியதால் நீர்ப்பரப்பைக் கிழித்துக்கொண்டு எதிரியின் கண்முன் வந்துவிட்டது. கடைசியில் மேலே வந்து பீரங்கியால் போராடி, படகைத் தாங்களே மூழ்கடித்தார்கள். அதில் இருந்த, கேப்டன் தர அதிகாரியான ஜான் கிராம்வெல், கில்பர்ட் தீவுத் தாக்குதல் திட்டமும் எதிரியின் சங்கேதங்களை உடைத்த ரகசியமும் தனக்குத் தெரியும் என்பதால், சித்திரவதையில் வாய் திறந்துவிடக்கூடாது என்று படகோடு இறங்கிப்போனார். சிறைபிடிக்கப்பட்ட 41 பேரை இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களில் ஏற்றினார்கள். 21 பேர் சுயோ என்ற கப்பலில். டிசம்பர் 4 அன்று சூறாவளிக் கடலில் சுயோவை டார்பிடோவால் அடித்து மூழ்கடித்தது ஓர் அமெரிக்க நீர்மூழ்கி. அது செயில்ஃபிஷ். நான்கு வருடம் முன்பு ஸ்கல்பின் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்த அதே படகு. 21 பேரில் ஒருவர், ஜார்ஜ் ரோசெக், பக்கத்தில் போன டிஸ்ட்ராயரின் ஏணியைப் பிடித்துத் தப்பினார். மற்றக் கப்பலில் போன 20 பேரும் அவரும் ஆஷியோ செப்புச் சுரங்கத்தில் அடிமை வேலை செய்து போர் முடிந்து ஊர் திரும்பினார்கள்.

மணி அடிக்கும்போது ஸ்கல்பினுக்கு வாசிப்பது நவம்பர் 19. ஆனால் அந்தப் படகின் இருபது பேர் இறந்தது டிசம்பர் 4, வேறு கடலில், வேறு கப்பலில். ஒரு குடும்பம் தன் ஆளுக்குக் கல் வைக்கும்போது எந்தத் தேதியை எழுதுவது? அவர் அந்த இருபது பேரில் ஒருவரா என்று தெரிந்தால்தான் எழுத முடியும். செயில்ஃபிஷின் கன்னிங் டவர் இன்றும் மெய்ன் மாநிலம் கிட்டரியில் உள்ள போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் நினைவுச்சின்னமாக நிற்கிறது. ஸ்குவாலஸில் இறந்த 26 பேருக்காக அங்கே தலைவணங்குபவர்கள் இந்த இருபது பேரையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

அதே கிட்டரியில் 129 அடி உயரக் கொடிக்கம்பம் ஒன்று இருக்கிறது. 1963 ஏப்ரல் 10 அன்று மூழ்கிய த்ரெஷர் என்ற நீர்மூழ்கியில் இருந்தவர்கள் 129 பேர்: 16 அதிகாரிகள், 96 மாலுமிகள், 17 சிவிலியன்கள். கடல்நீர்க் குழாயில் வெள்ளிப் பற்றவைப்பு இணைப்பு ஒன்று விட்டுப்போயிருக்கலாம் என்று விசாரணை சொன்னது. அதற்கு முன் அந்தப் படகில் 145 இணைப்புகளை அல்ட்ராசவுண்டில் சோதித்தபோது 14 சதவீதம் தரத்துக்குக் கீழே இருந்தன; மீதியைச் சோதிக்கவில்லை. அணுஉலை நின்றதும் மேலே வரக் காற்றைத் தொட்டிகளுக்குள் திறந்தார்கள். உயர் அழுத்தக் காற்றில் இருந்த ஈரம் வடிகட்டியில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைத்தது. இதன்பின் வந்த சப்சேஃப் திட்டம் கடல்நீர் படும் ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் பொருள், இணைப்பு, சோதனை ஆகியவற்றுக்குத் தாள் கேட்கிறது. அந்தச் சான்று பெற்ற எந்தப் படகும் இதுவரை தொலைந்ததில்லை. அறுபதுகளுக்குப் பிறகு பணிபுரிந்து முதுமையடைந்து இறந்த ஒவ்வொரு நீர்மூழ்கிக்காரரின் ஆயுளிலும் அந்த 129 பேரின் பங்கு இருக்கிறது. பதினேழு சிவிலியன்களுக்குக் கடற்படைப் பதவி இல்லை என்று பட்டியலில் விட்டுவிடுவதை எந்த வகையிலும் ஏற்க முடியாது.

விடுபடுகிறவர்கள் வேறு சிலரும் உண்டு. போர்க்காலத்தில் கறுப்பின மாலுமிகளுக்கு நீர்மூழ்கியில் கிடைத்த பதவி ஸ்டூவர்ட்ஸ் மேட் ஒன்றுதான்: அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாறுவது, அறை சுத்தம் செய்வது. பிலிப்பைன்ஸ், குவாம் தீவுக்காரர்களுக்கும் அதே கதி. பிலிப்பினோக்களுக்கு இது 1970-களின் தொடக்கம்வரை நீடித்தது. ஆனால் போர் மணி அடித்ததும் அவர்கள் பீரங்கிக்குக் குண்டு கைமாற்றினார்கள், டார்பிடோ ஏற்றினார்கள், கண்காணிப்பில் நின்றார்கள். அஞ்சலியில் 'சமையலறையில் பணிபுரிந்தார்' என்று முடிப்பதற்கு முன் அவருடைய போர் நிலை எது என்று கேளுங்கள். படகில் ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும்.

வங்காள விரிகுடாவிலும் ஓர் அமெரிக்கப் படகு கிடக்கிறது. டையாப்லோ எஸ்எஸ்-479, 1945 மார்ச் 31-இல் பணியில் சேர்ந்தது. 1964-இல் அதைப் பாகிஸ்தானுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். காஸி என்று பெயர் மாறியது. 1971 டிசம்பரில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே அது தொண்ணூறுக்கும் மேற்பட்ட பாகிஸ்தான் மாலுமிகளோடு மூழ்கியது. டையாப்லோவில் ஏறக்குறைய இருபது வருடம் மாறி மாறிப் பணிபுரிந்த அமெரிக்கர்களுக்கு, தாங்கள் தூங்கிய படுக்கைகளும் துடைத்த எஞ்சின்களும் இருக்கும் இடம் அதுதான். அவர்களுடைய வாழ்க்கைக் குறிப்பில் அந்த வரியும் இருக்கலாம். அந்த மாலுமிகளுக்கும் கரையில் காத்திருந்தவர்கள் உண்டு.

உயிரோடு இருக்கும்போதே கேட்பது எல்லாவற்றிலும் நல்லது. 'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்றால் இவர்கள் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். அவர் இருந்த வகைப் படகின் குறுக்குவெட்டுப் படத்தை ஏ3 தாளில் அச்செடுத்து முன்னால் விரியுங்கள். 'எங்கே படுத்தீர்கள்? தலைக்கு மேலே என்ன இருந்தது? முழுக்கின்போது உங்கள் கை எதன்மேல் இருக்கும்?' என்று கேளுங்கள். விரல் படத்தில் நகர ஆரம்பித்ததும் பேச்சு தானாக வரும். எஞ்சின் அறைக்காரர்களுக்குப் பெரும்பாலும் காது மந்தம். ஃபேனையும் டிவியையும் நிறுத்திவிட்டு நேரெதிரே உட்காருங்கள். அரைமணிக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். புகைப்படத்தில் யார் யார் என்று சொன்னால் பின்னால் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். பட்டப்பெயரையும் விடாதீர்கள். கூட இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

இறந்த பிறகு முதல் இரண்டு நாளில் டிடி-214 கையில் இல்லாவிட்டால் எல்லாம் தடுமாறும். 2000-ஆம் ஆண்டு முதல் சட்டப்படி தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் சீருடையில் குறைந்தது இரண்டு பேர் வருவார்கள். அதில் ஒருவர் கடற்படையைச் சேர்ந்தவர். கொடியை முக்கோணமாக மடித்துக் கொடுப்பார்கள், டாப்ஸ் என்ற ஊதுகொம்பு இசை ஒலிக்கும். கொடி 5 அடிக்கு 9½ அடி. முக்கோணத்தில் நீலமும் நட்சத்திரமும் மட்டும் தெரிய வேண்டும். சிவப்பு எட்டிப்பார்த்தால் மறுபடி மடிக்க வேண்டும். கூட இருந்தவர்கள் 'துடுப்பை வை ஷிப்மேட், காவலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்ற பொருளில் விடைகொடுப்பார்கள்.

கடலிலேயே விடச் சொல்லியிருந்தால் கடற்படையே செய்து கொடுக்கும். இறுதிச் சடங்கை முடிவுசெய்யும் உரிமை உள்ளவர் கையெழுத்திட்ட விண்ணப்பம், இறப்புச் சான்று, தகனச் சான்று, டிடி-214 நகல் வேண்டும். சாம்பலைத் தபாலில் அனுப்புவதானால் அமெரிக்கத் தபால்துறை வழியாக மட்டுமே முடியும். பாத்திரம் சிந்தாதபடி மூடியிருக்க வேண்டும். சாம்பல் என்றால் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால். உடலாகப் பெட்டியில் என்றால் அதோடு 600 அடி ஆழமும் வேண்டும். பெட்டி மிதக்காமல் இறங்க எடை சேர்த்து, துளைகள் போட்டு, பட்டை கட்டுவார்கள். பணியில் கிளம்பும் கப்பலில் நடப்பதால் குடும்பத்தினர் கூடப் போக முடியாது. மாதக்கணக்கில் காத்திருக்கவும் நேரும். இதை முன்பே சொல்லாததால் கடைசி நேரத்தில் மனம் நொந்துபோகிற குடும்பங்கள் உண்டு.

முடிந்ததும் கப்பலின் கேப்டனிடமிருந்து ஒரு கடிதம் வரும். தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, கூடவே இடத்தைக் குறித்த கடல் வரைபடம். கடிதத்தில் உள்ள எண்களையும் வரைபடத்தில் உள்ள புள்ளியையும் இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் பார்த்து, ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். வடக்கா தெற்கா, கிழக்கா மேற்கா என்ற எழுத்தையும் சேர்த்து, பெயர், படகு, ஹல் எண், நின்ற இடம் ஆகியவற்றுக்குக் கீழே அதே தாளில் எழுதி, வீட்டில் ஒரு பிரதியும் அவருடைய தளத்தில் ஒரு பிரதியும் வையுங்கள்.